நாய் சாகிற அத்தியாயம்

கண்ணு, இதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். கம்பெனியில் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கையில் ஷூவும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை இது. வியட்நாமிலும் ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்று நீதானே சொன்னாய், அன்றைக்குப் படி. நான் ரிட்டயர் ஆகிற வருஷம் என்பதால் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஹெச்.எம். கேட்டிருந்தார். ஆசிரியப் பணியில் என் அனுபவங்கள் என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத எல்லாமே உன்னிடம் பேசுவதாகவே வந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மலரில் போடுவதென்றால் போடட்டும். ஆம்பூரில் இதைக் கேட்க வேண்டிய அப்பா அம்மாக்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். ஆனால் முதலில் உனக்கு அனுப்பிவிட்டுத்தான் அவருக்குக் கொடுப்பேன்.

நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் கட்டி வைத்துவிட்டுப் போன பெட்டிகள் ஹாலில்தான் இருக்கின்றன. எல்லாம் உன் அப்பா வேலை செய்த கம்பெனியின் ஷூ பெட்டிகள், பக்கவாட்டில் சைஸும் கலரும் அச்சடித்தவை. எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்புவதுபோல நாலு பக்கமும் டேப் சுற்றியிருக்கிறாய், உன் அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் சேர்த்த சிறுவர் கதைகள், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள் எல்லாம் அதற்குள். "அம்மா, இந்தச் சின்னப்புள்ளைங்க புக்கெல்லாம் இன்னாத்துக்கு? பாக்கப் பாக்க உனக்கு அப்பா நெனப்புதான் வரும். திருப்பத்தூர் ஹாஸ்டலுக்குக் குடுத்துடலாமா?" என்று கேட்டாய். சரி என்றேன். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஜூன் மாதம் சென்னைக்குப் போய் மருமகளோடு இருக்கிறாயா என்று கேட்டாய். அதற்கும் சரி என்றேன். சனிக்கிழமை வேன் வரும் என்றாய், சரி. உன் மேல் தப்பில்லை. நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். ஆனால் இந்த மூன்று நாலு மாதமாக யார் என்ன கேட்டாலும் என் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வந்துகொண்டிருந்தது, அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, உன் அப்பா போனதிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. அடக்கத்தின்போது நான் அழவில்லை. நம் சர்ச் பெண்கள் என் முதுகைத் தடவி, "அழுதுடுங்க டீச்சர், உள்ளயே வெச்சிக்காதீங்க" என்றார்கள். வைத்துக்கொண்டால்தானே விடுவதற்கு. டீ குடித்தேன், சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் போனேன், பேப்பர் திருத்தினேன், மார்க்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். துக்கம் என்றால் பொங்கிக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. அதுவே பயமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பயமும் வரவில்லை.

இந்தப் புத்தகங்கள் எப்படி என்னிடம் ஒட்டிக்கொண்டன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நூலக பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார்கள். புதுசாக வந்தவள் தலையில் கட்டுகிற வேலை அது. பிள்ளைகள் யாரும் ஒன்றும் எடுத்துப்போகவில்லை. எந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டுமானால் நான் படித்திருக்க வேண்டும் அல்லவா, அதற்காக ஆரம்பித்தேன். அப்புறம் வெளியே வரவே இல்லை. பெரியவர்களுக்கான புத்தகங்களையும் படித்துப் பார்த்தேன் கண்ணு, சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகங்கள்தான். ஆனால் அதில் ஒருவன் செத்துப்போனால் அதைச் சுற்றி நாற்பது பக்கம் யோசிக்கிறார்கள். பிள்ளைகளின் புத்தகத்தில் அப்பா குடித்தால் குடிக்கிறார், அம்மா வீட்டை விட்டுப் போனால் போய்விட்டாள், அடுத்த வரியில் அந்தப் பிள்ளை மறுநாள் காலை என்ன சாப்பிட்டது என்று இருக்கும். எனக்கு அந்த அடுத்த வரிதான் வேண்டும். ஸ்டாஃப் ரூமில், "எப்ப டீச்சர் பெரிய மனுஷி ஆவப் போறீங்க?" என்று கேலி செய்வார்கள். ஆகிற உத்தேசம் இல்லை என்பேன்.

உனக்கு அது வெட்கமாக இருந்தது என்று தெரியும். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் கோவை ரயிலுக்காகக் காத்திருந்தோம், நீ பாலிடெக்னிக் சேர்ந்த புதிது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையில் பல்லைக் காட்டும் குரங்கு போட்ட புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் உன் தோஸ்த் ஒருவன் வருவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உள்ள வையேன், ப்ளீஸ்" என்றாய். நான் வைக்கவில்லை. அவன் வந்து, "ஆன்ட்டி, குரங்கு சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். நீ ஈரோடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. உன் அப்பா நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

நீ புத்தகம் பக்கம் வராமல் போனதற்கு நானும் காரணம். உன் சின்ன வயதில் ஒவ்வொரு கதை முடிந்ததும் கேள்வி கேட்பேன். அவன் ஏன் அப்படிச் செய்தான், இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது. டீச்சர் புத்தி. நீ ரேடியோவைக் கழற்றிப் பார்க்கப் போய்விட்டாய், ரேடியோ கேள்வி கேட்காது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து நீ அதற்குக் கதை வாசித்தால், முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இரு. அதுவாகப் பேசினால் கேள். பேசாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் பண்ணு, அவ்வளவுதான்.

என் கேள்விகளுக்குப் பயப்படாமல் கதை கேட்டவர் உன் அப்பா ஒருத்தர்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், தானாக எடுத்துப் படிக்க மாட்டார், எழுத்து கண்ணைக் கரிக்கிறது என்பார். ஏழாம் வகுப்புக்குக் கடைசிப் பீரியடில் நான் ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசிப்பேன் என்பது உனக்குத் தெரியும். நாளைக்கு வாசிக்க வேண்டிய அத்தியாயத்தை இன்று சாயங்காலமே அவருக்கு வாசித்துக் காட்டிவிடுவேன். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் மொச்சை உரிப்பார், நான் வாசிப்பேன். எனக்கும் அதுதான் முதல் வாசிப்பு, அடுத்த பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்ட மாட்டேன். கதையில் வருகிற ஆள்கள் மேல் அவருக்கு நிஜமாகவே கோபம் வரும். "அவன் பேமானி, அவன்கிட்டப் போயி இந்தப் பொண்ணு வழி கேக்குது பாரு" என்று முறத்தைத் தட்டுவார். வகுப்பில் எந்த இடத்தில் பிள்ளைகள் கத்துவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது அவரால்தான்.

இந்த வருஷம் எடுத்த நாவலில் ஒரு பெண். பன்னிரண்டு வயதிருக்கும். உப்பளத்து வேலைக்குப் போய்த் திரும்பி வராத அம்மாவைத் தேடி, ஒரு கிழட்டு நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாகவே நடந்து போகிறாள். நாயின் பெயர் கருவாடு. அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்கு அந்த நாய் மேல் ஒரே பிரியம். கதையில் பாதி தாண்டியதும் நாய் நொண்ட ஆரம்பித்தது. "வயசாச்சு, அப்டித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார், நம் தெரு நாயைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அன்று சாயங்காலம் நான் வாசித்த அத்தியாயத்தில் நாய் செத்துப்போனது. அந்தப் பெண் கையாலேயே மணலைத் தோண்டுகிறாள், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிக் குழி மூடிக்கொள்கிறது, வேறு இடம் பார்த்து மறுபடியும் தோண்டுகிறாள்.

உன் அப்பா மொச்சையை அப்படியே வைத்துவிட்டார். "இன்னாடி இது, நாயச் சாவடிச்சுட்டானுங்க? இதப் போயி கொழந்தைங்களுக்குப் படிப்பியா?"

"படிப்பேன்."

"அழுவும்டி அதுங்க."

"அழட்டும்."

"அந்தக் கிளாஸ்ல எத்தினி பசங்களுக்கு வூட்ல இன்னா பேஜாரோ. நீ பாட்டுக்கு இதையும் ஏத்தி வெக்காத. நாளைக்கு இத தாண்டிப் போய்டு. நாயி யாரு வூட்லயோ நின்னுட்ச்சுன்னு சொல்லு."

"நான் கதையில பொய் சொல்லமாட்டேங்க. முப்பது வருஷமா சொன்னதில்ல."

"உன் வீம்பு உனக்கு" என்று எழுந்து போனார். படுக்கப் போகும்போது, "தாண்டிப் போடி, இன்னா கெட்டுடப் போவுது" என்று ஒரு தரம் கெஞ்சுவது மாதிரி சொன்னார். நான் விளக்கை அணைத்தேன். மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக முனையில் நின்றவருக்கு நெஞ்சுவலி வந்தது. எங்களுக்குள் கடைசியாக நடந்த பேச்சு இதுதான் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், இல்லையா. அதில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, வருகிறேன்.

லீவு முடிந்து நான் பள்ளிக்கூடம் திரும்பினேன். என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. நேற்று வராத பிள்ளைக்கு, வந்திருந்த பிள்ளைகள் கதையைச் சொல்லிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் புத்தகத்தைத் திறப்பேன். நிறையப் பேர் வீட்டில் அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறவள், தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்கா லீவு போட்டாக வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கதை விட்டுப்போகக் கூடாது என்று வைத்த வழக்கம். அன்று கடைசிப் பீரியடில் நான் புத்தகத்தை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். சுமையா எழுந்தாள். மூன்றாவது பெஞ்சு, வாயாடி, அவள் அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்கிறார், தோல் பதனிடும் இடத்தை நம் ஊரில் ஷாப் என்போம் என்று மலரில் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். "டீச்சர், நீங்கதான் இத்தினி நாள் ஆப்சென்ட். அதனால நாங்கதான் உங்களுக்குக் கதை சொல்லணும்" என்றாள்.

நான் இல்லாத நாள்களில் அந்தப் பீரியடுக்கு வேறு டீச்சர் யாரும் வரவில்லையாம். புத்தகமோ என் கைப்பையில் இருந்தது. பிள்ளைகள் அவர்களாகவே கதையை நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எழுந்து சொன்னார்கள். ஒரு மீன் லாரிக்காரர் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொள்கிறார். கருவாட்டை ஒரு மாட்டு டாக்டரிடம் காட்டுகிறார்கள், அவர் காலில் கட்டுப்போடுகிறார், பைசா வாங்கவில்லை. உப்பளத்தில் அம்மா கிடைக்கிறாள். அம்மாவை முதலில் மோப்பம் பிடித்து ஓடுவது நாய்தான். கடைசி பெஞ்சு பையன்கள் நாய் ஓடுவதை நடித்தே காட்டினார்கள். வகுப்பே சிரித்தது. நான் சரி என்றேன். நல்லா இருக்கு, சரி என்றேன். மணி அடித்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் எத்தனையோ நாள் அந்தப் பீரியடில் பேப்பர் திருத்தினேன், இலக்கணம் எழுதிப்போட்டேன். புத்தகம் பையிலேயே கிடந்தது. வாசித்தால் உன் அப்பா கடைசியாகக் கேட்டதை மீறியதாகும். தாண்டிப் போனால் இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம் வேஷமாகும். இதை ஒரு சங்கடமாகக்கூட என்னால் உணர முடியவில்லை, கணக்கு மாதிரி மனதில் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். நீ வந்தாய், விசா வந்தது, பெட்டிகளைக் கட்டினாய், போனாய்.

போன செவ்வாய்க்கிழமை சுமையா பீரியட் நடுவில் என் மேஜைக்கே வந்துவிட்டாள். "டீச்சர், நாங்க சொன்னது நெஜக் கதை இல்லன்னு எங்களுக்குத் தெரியும். நெஜத்துல கருவாடு செத்துட்ச்சுல்ல?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அது நொண்ட ஆரமிச்சப்பவே எங்களுக்குத் தெரியும் டீச்சர். எல்லாரும் பேசினோம். உங்க வூட்ல சார் இறந்துட்டாங்க. அதான், நீங்க வர்றப்ப நாயும் செத்தா நல்லா இருக்காதுன்னு நாங்க அத சாவடிக்கல."

வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பையன், "ஏய் சொல்லாதன்னு சொன்னேன்ல" என்று அவளை அதட்டினான். எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது கண்ணு. உன் அப்பா பிள்ளைகளைக் காப்பாற்ற நாயைச் சாகவிடாதே என்றார். பிள்ளைகள் என்னைக் காப்பாற்ற நாயைச் சாகவிடவில்லை. நீ என்னைக் காப்பாற்றப் புத்தகத்தையெல்லாம் டேப் போட்டு ஒட்டினாய். எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் சேர்ந்து என்னைப் பஞ்சுக்குள் வைத்துவிட்டீர்கள், எனக்குத்தான் மூச்சு விட முடியவில்லை.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். வாசித்தேன். குரல் நடுங்கவில்லை, அதுவே எனக்கு அசிங்கமாக இருந்தது. நாய் செத்தது. குழி மூடிக்கொண்டது. மறுபடியும் தோண்டினாள். முன் பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். அதட்டிய பையன், "மோசம் டீச்சர் இது, ரொம்ப மோசம்" என்று டெஸ்க்கைக் குத்தினான். நான் புத்தகத்தை மூடப் போனேன். "மூடாதீங்க டீச்சர், மறுபடி படிங்க" என்றான் அவனே. எல்லாரும் சேர்ந்து, மறுபடி டீச்சர், மறுபடி என்றார்கள். அழுத பிள்ளைகளும்தான். பெரியவர்கள் யாராவது சோகத்தை ஒன்ஸ்மோர் கேட்பார்களா, சொல்லு. இதற்காகத்தான் நான் இந்தப் புத்தகங்களை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது தடவை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. உன் அப்பா மேல். அப்படி ஒரு கோபம். வீம்பு என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போய்விட்ட மனுஷன் மேல். பாரு, அழுதுங்க, ஆனா ஒண்ணும் கெட்டுப்போகல, நான் சொன்னதுதான் சரி என்று சொல்லிக்காட்ட ஆள் இல்லாமல் செய்துவிட்டாரே என்று. குரல் ஏறியது, காது சுட்டது. மாதக்கணக்கில் எனக்குள் வந்த முதல் சூடு அதுதான். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கருவாட்டுக்காக என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கோபத்தோடேயே வீட்டுக்கு வந்து பெட்டிகளைப் பார்த்தேன். உன் மேலும் வந்தது. அரிவாள்மணையை எடுத்து டேப்பை அறுத்தேன். அன்றைக்கே வேன்காரருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுத் தரகர் வந்தார், "ஜூனுக்கு முன்னாடியே முடிச்சுடலாம்னு உங்க பையன் சொன்னாரே" என்றார். வீடு என் வீடு, வாடகைக்கு விடப்போவதில்லை, போய்வாருங்கள் என்றேன். சென்னைக்குப் போவேன், மருமகள் தங்கமான பெண், பத்து நாள் அவளோடு இருப்பேன், திரும்பிவிடுவேன். ஹெச்.எம்.மிடமும் கேட்டிருக்கிறேன். ரிட்டயர் ஆனாலும் அந்தக் கடைசிப் பீரியட் எனக்கு வேண்டும், சம்பளம் வேண்டாம். பார்க்கலாம் டீச்சர் என்றார். பார்க்கட்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு இரண்டு நாள் நிறுத்திவைத்திருந்தேன். கதையில் பொய் சொல்லமாட்டேன் என்று உன் அப்பாவிடம் ஜம்பமாகச் சொன்னவள், உன்னிடம் ஒன்றைத் தாண்டிவந்திருக்கிறேன். நீ சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் வாசலிலேயே கேட்டாய், "அப்பா கஷ்டப்பட்டாராம்மா? ஏதாவது சொன்னாரா?" என்று. இல்லடா, முனையில நின்னப்பவே போய்ட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது என்றேன். உன் சித்தப்பாவும் தலையை ஆட்டினார், பாஸ்டரும் ஆட்டினார். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். வந்தவர்களிடமெல்லாம், நல்லவேளை, அப்பா கஷ்டப்படாமல் போய்ட்டார் என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீயும் அழவில்லை, அதை நான் கவனிக்காமல் இல்லை. அந்த வாரமே வியட்நாம் வேலை விஷயமாகப் போன் பண்ணினாய்.

அவர் முனையில் சாகவில்லை. ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸுக்காக வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நல்ல நினைவோடு இருந்தார். வலி இருந்தது, ஜாஸ்தி இருந்தது, என் கையைப் பிடித்த இடம் கன்றிப்போய் இரண்டு நாள் வலித்தது. நாயைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "தம்பி எங்க?" என்று கேட்டார். உனக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை, நீ சென்னையில் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாய். வர்றான் என்றேன். "எங்க வர்றான்?" என்றார். உன் அப்பா அப்படித்தான், யார் வந்தாலும் எந்த ஊர் தாண்டியாயிற்று என்று தெரிய வேண்டும் அவருக்கு. பள்ளிகொண்டா தாண்டிட்டான் என்றேன். என் வாழ்நாளில் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். "பள்ளிகொண்டாவா, அப்ப ஜல்தி வந்துடுவான்" என்று சொல்லி, வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திரும்பியிருந்தபடியேதான் போனார்.

இதை உனக்குச் சொன்னால் உடைந்துபோவாய் என்று எல்லாரும் நினைத்தோம். உடைந்துபோ. படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணு. சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா என்று ஆரம்பிக்காதே. ஒன்றும் பேச வராவிட்டாலும் போனை வைக்காதே. நானும் இன்னும் அழவில்லை கண்ணு, தனியாக அழ எனக்கு வரவில்லை.

அம்மா